டிசம்பர் மழைக்குள்ள மட்டக்களப்பில மூணு நாள், நத்தாருக்கு வரலாமா?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கிச் சொல்லிர்றன், இத வாசிக்கிற மத்தாக்களுக்கும் விளங்கட்டும். டொரோண்டோவில பள்ளிக்கூட லீவு விட்டதும் கொழும்புக்கு வாறீங்க, நீங்க, மனிசி, ஆறு வயசிலயும் பதினொரு வயசிலயும் ரெண்டு புள்ளையள், உங்கட அம்மா. 24ஆம் திகதி மட்டக்களப்புக்கு வந்து 27 திரும்பணும். பாசிக்குடாவில குளிக்கணும், பாடும் மீன் கேக்கணும், நத்தார் பாக்கணும். மழை குழப்புமா, பேசாம நுவரெலியாவுக்குப் போறதா எண்டு கேட்டிருக்கீங்க. கடைசியா ஒரு சிரிப்புப் படமும் போட்டு, யாழ்ப்பாணத்து அம்மா "மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்டிப் போடுவாங்கள்" எண்டு பயப்படுறா எண்டு எழுதியிருக்கீங்க.

மழை குழப்பும். ஆனா வாங்க. அந்த லிஸ்ட்ல முதல் ரெண்டையும் வெட்டிட்டு வாங்க.

முதலே சொல்லிர்றன், நான் கல்லடியில பழைய பாலத்துக்குக் கிட்ட வீட்டில ரெண்டு ரூம் வாடகைக்கு விடுற ஆள், அதால ஆக்களக் கூப்பிடுறதில எனக்கும் லாபம் இருக்கு எண்டு நினைப்பீங்க, ஆனா டிசம்பர் 24 தொடக்கம் 27 மட்டும் எங்கட ரூம் ஒவ்வொரு வருசமும் ஒரே குடும்பத்துக்குத்தான், அவங்க தங்கட ஆக்களுக்கு விளக்கு வைக்க வாறவங்க. ஏன் எண்டு பிறகு சொல்றன். அதால உங்களுக்கு ரூம் விக்கிறதுக்காக இத எழுதல்ல.

முதல்ல மழை. எங்களுக்கு வாடைக் காத்து கொண்டுவாற மழைதான் மழை. ஒரு வருசத்தில பெய்யிற மொத்த மழையில காவாசிக்குக் கிட்ட டிசம்பர் ஒரு மாசத்திலயே கொட்டிரும். ஆனா அது உங்கட ஊர்ல மாதிரி நாள் முழுக்க நச நச எண்டு தூறாது. இரவும் விடியக்காலையும் அடிச்சு ஊத்தும், பத்து மணிக்கு வானம் வெளிக்கும், வெயில் கூடச் சுள்ளெண்டு எறிக்கும், மூணு மணிக்கு மறுகா கறுக்கும். அந்த வெளிச்ச நேரத்துக்குள்ள ஊர் தன்ட வேலையெல்லாம் முடிச்சிரும், நீங்களும் அப்பிடித்தான் பழகணும். வங்காள விரிகுடாவில தாழமுக்கம் எண்டு வந்திட்டா மட்டும் கதை வேற, ரெண்டு மூணு நாள் தொடர்ந்து பெய்யும், றோட்டில தண்ணி நிக்கும், அதால வெளிக்கிட நாலஞ்சு நாளைக்கு முன்னமே வளிமண்டலவியல் திணைக்களத்துட அறிவித்தலப் பாக்கத் தொடங்குங்க, தாழமுக்கம் எண்ட சொல்லு அதில இருந்தா பயணத்தத் தள்ளிப் போடுங்க, வீரம் காட்டாதீங்க. நுவரெலியாவிலயும் அந்த நேரம் மழைதான், கூட மண்சரிவுப் பயம், கூட அந்தக் கிழமை விலை. குளிருக்கு எண்டு அங்க போறது எங்கட ஆக்களுக்குச் சரி, டொரோண்டோவில இருந்து வாறவங்க குளிரக் காசு குடுத்து வாங்குறது எனக்கு விளங்குதில்ல.

சிரிப்பென்னண்டா எங்களுக்கும் இது குளிர்காலம்தான். இரவில இருபத்திமூணு பாகைக்கு இறங்கினா எங்கட ஆக்கள் மப்ளர் கட்டிருவாங்க, கைப்புள்ளைக்குக் கம்பளித் தொப்பி, தலைக்கு யூக்கலிப்டஸ் தைலம். உங்கட புள்ளையள் அரைக்காச்சட்டையோட திரியுறதப் பாத்து றோட்டில போற கிழவியெல்லாம் "புள்ளைக்குச் சளி புடிக்கப் போகுது மனே" எண்டு உங்களுக்கு ஏசிட்டுப் போகும், கோவிக்க வேணாம்.

பாசிக்குடா ஏன் வெட்டணும் எண்டா, அது மே தொடக்கம் செப்டம்பர் மட்டும் குளிக்கிற கடல். அலையில்லாத குடா, இடுப்பளவு தண்ணியில கனதூரம் நடந்து போகலாம் எண்டு படத்தில பாக்கிறதெல்லாம் அந்தக் காலத்துப் படம். மார்கழியில கடல் பொங்கி நிக்கும், தண்ணி கலங்கல், சில நாள் சிவப்புக் கொடி. ஊரில இருந்து 35 கிலோமீட்டர் போய் ஹோட்டல் யன்னலுக்குள்ளால மழையப் பாத்திட்டு வாறதெண்டா அத எங்கட விறாந்தையில இருந்தே பாக்கலாம்.

பாடும் மீனும் அப்பிடித்தான். அது ஏப்ரல் தொடக்கம் செப்டம்பர் மட்டும், ஆறு அசையாம கிடக்கிற நிலா இரவில, கல்லடிப் பாலத்தடியில தோணிய நிப்பாட்டி, துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனியில காத வச்சுக் கேக்கிறது. (நாங்க வாவி எண்டு எழுதுவம், ஆறு எண்டுதான் சொல்லுவம், 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறத ஆறு எண்டு சொல்லாம வேற என்னண்டு சொல்றது.) டிசம்பர்ல ஆறு தேத்தண்ணிக் கலர்ல இழுத்துக்கொண்டு ஓடும், மீன் பாடினாலும் கேக்காது. அது மீனா, ஊரி எண்டு சொல்ற சிப்பியா எண்டு இண்டைக்கும் சண்டை. லாங் எண்ட யேசுசபைப் பாதிரியார் அந்தச் சத்தத்த ஒலிப்பதிவு செஞ்சு இலங்கை வானொலியில போட்டவர். உங்களுட்ட ஆராவது "டிசம்பர்லயும் கேக்கும் சேர், போட்ல கூட்டிட்டுப் போறன்" எண்டா, அவர் காட்டுறது போட் எஞ்சின் சத்தம்.

இப்ப வாற வழி. ரெயின்தான் நல்லம், கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில இருந்து காலையில வெளிக்கிடுற உதயதேவியில ஏறினா பின்னேரம் இஞ்ச, இரவு வண்டியெண்டா வெள்ளண வந்து சேரும். சீட் புக்கிங் முப்பது நாளைக்கு முன்ன திறக்கும், நத்தார்க் கிழமைக்குத் திறந்த கையோட முடிஞ்சிரும், அதால திறக்கிற நேரத்தக் கேட்டு, நவம்பர் 24க்கு அலாரம் வச்சுக்கொள்ளுங்க. புள்ளையளோட எண்டா பகல் வண்டிதான் என்ட ஓட்டு. கல்ஓயாச் சந்தி தாண்டினாப் பிறகு காடு, வெலிக்கந்தை, புணாணை, மறுகா வாழைச்சேனைப் பக்கம் வர வர ரெண்டு பக்கமும் பெரும்போக வயல், ஐப்பசியில விதைச்சது மார்கழியில முழங்காலுக்கு மேல பச்சையா நிக்கும், அந்தப் பச்சைய வேற எந்த மாசமும் பாக்க ஏலா. நேரத்துக்கு வரும் எண்டு மட்டும் நம்ப வேணாம். யானை கடக்கிற இடமெல்லாம் மெதுவாத்தான் போகணும், 2025 பெப்ரவரியில இந்தப் பாதையிலதான் ரெயின் மோதி ஒரு கூட்டத்தில ஆறு யானை செத்தது. மழையில தண்டவாளத்துக்கு அடியில மண் அரிச்சா வண்டியே நிக்கும். எங்கட வீட்டுக்கு வந்த ஒரு குடும்பம் வெலிக்கந்தையில ஆறு மணித்தியாலம் நிண்டவங்க, வடைக்காரன் மூணு தரம் கூடைய நிரப்பி வித்துட்டுப் போனானாம், கடைசியில புள்ளையள் அந்தாளுட பேரச் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குப் பழக்கம். சாப்பாடு, தண்ணி, சின்னதுக்கு மாத்துடுப்பு எல்லாம் கைப்பையில வைங்க. வானில வாறதெண்டா பொலனறுவை கழிஞ்சு மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகினா றோட்டு மூடுவாங்க, அதையும் கேட்டிட்டு வெளிக்கிடுங்க.

ரூம் விசயத்தில ஒரு எச்சரிக்கை. 24, 25, 26 மூணு நாளும் வெளிநாட்டில இருந்து வாற எங்கட ஆக்களால ஊர் நிறையும். போன முறை என்ட மச்சாள் குடும்பத்துக்கு ஒரு இடத்தில (பேர் வேணாம்) ரூம் சொல்லி வச்சம், கூடக் காசு தாற ஆக்கள் வந்த உடன "புக்கிங் பதிவாகல்லயே" எண்டாங்க. அட்வான்ஸ் கட்டின துண்டு இல்லாம நம்பாதீங்க. இடம் புளியந்தீவுக்குள்ள இல்லாட்டி கல்லடியில எடுங்க, ரெண்டும் நடந்து திரியுற தூரம். நுளம்புக்குப் பூசுற மருந்து கட்டாயம், மார்கழி தை டெங்குக் காலம்.

சரி, வந்து சேந்தாச்சு, 24 பின்னேரம் மழை விட்டிருக்கு எண்டு வைப்பம். புளியந்தீவுக்குள்ள நடங்க. நாலு பக்கமும் ஆறு, நடுவில ஊர், ஒரு மணித்தியாலத்தில சுத்திரலாம். காந்தி பூங்காவில தொடங்குங்க, ஆத்தங்கரையில வளைவு மாதிரி ஒரு வாசல் நிக்கும், வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்த பாதிரியார் 1814இல வந்து இறங்கின இடம். ஒரு வருசம் கூட முழுசா வாழல்ல, 1815இல செத்துப்போனார், ஆனா அவர் தொடங்கின பள்ளிக்கூடம்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி, ரெண்டு நூற்றாண்டு தாண்டி நடக்குது. அங்கால கிட்டத்திலயே புனித மிக்கேல் கல்லூரி, 1873. யேசுசபை அமெரிக்கப் பாதிரிமார் வந்து எங்கட பொடியனுகளுக்குக் கூடைப்பந்து பழக்கினாங்க, வெபர் மைதானம் எண்டு ஊரில சொல்றது அந்தப் பாதிரிமாரில ஒருத்தர்ட பேர். உங்கட பதினொரு வயசுக்காரன் ராப்டர்ஸ் ரசிகன் எண்டு எழுதியிருந்தீங்க, அவன இஞ்ச கூட்டிட்டு வந்து இந்தக் கதையச் சொல்லுங்க, கோட்டையப் பத்திச் சொல்றத விட இதுக்குத்தான் காது குடுப்பான்.

கோட்டையும் பாக்கத்தான் வேணும். போர்த்துக்கீசர் 1628இல கட்டினது, பத்து வருசம் அளவுதான் ஆண்டாங்க, 1638 மே மாசம் ஒல்லாந்தர் புடிச்சிட்டாங்க. ரெண்டு பக்கம் ஆறு, ரெண்டு பக்கம் அகழி. எங்களுக்கு அது கோட்டை இல்ல, கன காலமாக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இருந்த இடம். அத்தாட்சிப் பத்திரம், பென்சன், காணிப் பிரச்சினை எண்டு என்ட அப்பா வாழ்க்கையில பாதிய அந்தச் சுவருக்குள்ள லைன்ல நிண்டே கழிச்சவர், அவருட்ட ஒல்லாந்தர் எண்டா "அவனுகளும் போம் நிரப்பித்தான் உள்ளுக்கு வந்திருப்பானுகள்" எண்டுவார். மேல ஏறி நிண்டா ஆறு திரும்புற இடம் தெரியும், அதுக்காகவே ஏறலாம். பாசி புடிச்ச கல்லு, மழையில வழுக்கும், அம்மாவ ஏத்த வேணாம்.

புளியந்தீவு எண்ட பேருக்குப் புளியமரமும் காரணமில்ல புலியும் காரணமில்ல, புளியன் எண்ட வேட்டுவத் தலைவன் ஆண்ட தீவு எண்டு ஊர்க்கதை. அது கிடக்கட்டும்.

ஆறு மணிக்கெல்லாம் இருட்டிரும், அப்பதான் நத்தார் தொடங்கும். வெளிநாட்டு நத்தார் மாதிரி கடைத்தெரு நத்தார் இஞ்ச குறைவு. தாண்டவன்வெளி, புளியந்தீவு, டச்பார் பக்கம் வீட்டு முத்தத்தில பாலன் குடில் வச்சிருப்பாங்க, வைக்கோல், சாக்கில சாயம் பூசின மலை, கண்ணாடித் துண்டில குளம், சில குடிலில நெல்லு முளைக்கப் போட்டு வயலே வச்சிருப்பாங்க, பெத்லகேமில பெரும்போகம்! மழைக்குப் பொலித்தீன் இழுத்துக் கட்டி, அதில தேங்கின தண்ணிய ஒரு பொடியன் தும்புத்தடியால தட்டி விட்டுக்கொண்டு நிப்பான், அவன்தான் அண்டிரவுக்கு அந்தக் குடிலுக்குப் பொறுப்பு. நிண்டு பாத்தா உள்ளுக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டாப் போங்க. கேக் வரும், மறுகா இன்னொரு வீட்டில கேக் வரும், மூணாவது வீட்டோட சின்னப்புள்ளைக்கு வயித்தால போகத் தொடங்கும், அளவாச் சாப்பிடச் சொல்லுங்க.

நள்ளிரவுப் பூசைக்குப் புனித மரியாள் பேராலயத்துக்குப் போங்க, கத்தோலிக்கராக இருக்கணும் எண்டில்ல, நாங்க சைவம், ஆனா நானும் சின்ன வயசில இருந்து போறன், பாட்டுக்காக. நேரத்த அங்கயே கேட்டுக்கொள்ளுங்க. பெரிய பை கொண்டுபோக வேணாம், 2019 உயிர்த்த ஞாயிறு சீயோன் தேவாலயத்துக் குண்டுக்குப் பிறகு எந்தக் கோயில் வாசலிலயும் சோதிப்பாங்க, சோதிக்கட்டும். அதுக்கு முன்ன, 2005 நத்தார்ப் பூசையில ஜோசப் பரராஜசிங்கம் எம்பியச் சுட்டது இதே பேராலயத்துக்குள்ள. அண்டைக்குப் பூசையில இருந்தாக்கள் இண்டைக்கும் அதே வாங்கில வந்து குந்துறாங்க. புள்ளையளுக்கு இப்ப சொல்லத் தேவையில்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

பூசை முடிஞ்சு வந்து படுத்தா ரெண்டு மூணு மணித்தியாலத்தில சங்கு ஊதும், பயந்திர வேணாம். மார்கழித் திருவாதிரையோட முடியிற பத்து நாளும் திருவெம்பாவை, வெள்ளண நாலு, நாலரைக்குச் சேமக்கலம் அடிச்சு, சங்கு ஊதிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாப் போவாங்க. சில வருசம் அது நத்தாரோட ஒண்டா வரும், சில வருசம் தள்ளிப் போகும், பஞ்சாங்கத்தப் பாருங்க. ஒண்டா வந்தா உங்கட அம்மாவுக்கு நித்திரை போனாலும் மனம் நிறையும், யன்னலத் திறந்து பாத்தாக் குடைக்குள்ள டோர்ச் வெளிச்சமும் ஈரக் காலும்தான் தெரியும், பாட்டு மட்டும் கேக்கும்.

25ஆம் திகதி ஊர்க் கடை முக்கால்வாசி பூட்டு. சாராயக் கடையும் பூட்டு, தேவையெண்டா முதல்நாளே பாத்துக்கொள்ளுங்க, 24 பின்னேரம் அங்க நிக்கிற லைன் ரெயின் புக்கிங் லைன விடப் பெரிசு. ஹோட்டலில நத்தார் புபே எண்டு தலைக்கு ஒரு தொகை சொல்லுவாங்க, எனக்கு அது காசுக்குக் காணாது எண்டு நினைப்பு. மத்தியானம் ஒரு ஆட்டோ புடிச்சு (விலை பேசிட்டு ஏறுங்க) காத்தான்குடிக்குப் போங்க. அங்க அண்டைக்கு வழமையான நாள், எல்லாம் திறந்திருக்கும், நடு றோட்டில பேரீச்சை மரம் வரிசையா நிக்கும், மாட்டிறைச்சி புரியாணி, வட்டிலப்பம், பெட்டியில போட்டுக் கொண்டுபோக மஸ்கட் எண்ட இனிப்பு. வெள்ளிக்கிழமையா வந்தா மட்டும் ஜும்ஆ முடியும் மட்டும் பொறுக்கணும்.

தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காப்பூவும் மாதிரி எண்டு இஞ்ச ஒரு சொல் இருக்கு, மேடையில ஏறினவங்க எல்லாம் அதச் சொல்லுவாங்க, 1990இல நடந்த கொலைகளச் சொல்ல மாட்டாங்க. என்ட கணக்கில அது பாதி உண்மை, அந்தப் பாதி அடுப்படியில இருக்கு. குழம்ப ஆணம் எண்டு நாங்களும் சொல்றம், அவங்களும் சொல்றாங்க, மீன் ஆணம், பாலாணம், வேற ஊர்த் தமிழருக்கு விளங்காது. உங்கட அம்மாவிட்ட "ஆணம் ஊத்தவா" எண்டு கேட்டா அவ முழிப்பா.

சாப்பாடு எண்ட உடன ஒண்டு சொல்லணும். 25 காலையில மழை விட்ட நேரம் பழைய பாலத்துக்கு நடந்து வாங்க. லேடி மனிங் பாலம் எண்டு வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம், பக்கத்தில புதுப் பாலம் 2013இல திறந்தது, பெரிய வாகனமெல்லாம் இப்ப அதில. பழையதில நடக்கிறாக்கள், சைக்கிள், தூண்டில் போடுறாக்கள். கீழ ஆத்துக்குள்ள இடுப்பளவில ஒருத்தர் வீச்சு வலையோட நிப்பார், தலையில சொப்பிங் பேக்கத் தொப்பி மாதிரி கட்டியிருப்பார். வலைய முழங்கையில மடிச்சு, ஒரு ஓரத்தப் பல்லில கவ்வி, ஒரு சுத்துச் சுத்தி விட்டா அது வட்டமா விரிஞ்சு தண்ணியில விழுற சத்தம் மேல மட்டும் கேக்கும், இழுத்தா சிலநேரம் பத்துப் பதினஞ்சு றால், சிலநேரம் வெறும் சல்வீனியா எண்ட நீர்ச்செடியும் ஆரோ எறிஞ்ச செருப்பும். பாலத்தடியில அப்பிடியே விப்பாங்க. ரூம்காரருட்டக் குடுத்தா சமைச்சுத் தருவாங்க, நண்டெண்டா முருங்கையிலை போட்டு, றாலெண்டா தேங்காப்பால் விட்டு. குழல் புட்டும் றால் ஆணமும் ஈரக் காத்தும் சேந்தா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. புள்ளையள மட்டும் தண்ணிக்குள்ள இறங்க விட வேணாம், மழைக்காலம் முதலை கரைக்கு வரும், இது புள்ளையளப் பயம் காட்டச் சொல்ற கதையில்ல.

அண்டு பின்னேரம் உங்களுக்கு ஆராவது பறங்கியர் வீட்டில தெரிஞ்சாக்கள் இருந்தா, விட்டுராதீங்க. போர்த்துக்கீச வழி வந்த குடும்பங்கள் இஞ்ச இன்னும் இருக்கு, தச்சு வேலை, கொல்லு வேலை, தையல் எண்டு கைத்தொழிலில பேர் எடுத்தாக்கள், வயசானவங்க வீட்டுக்குள்ள இன்னும் அந்தப் போர்த்துக்கீசக் கலப்பு மொழி பேசுவாங்க, கலியாணத்துக்கும் நத்தாருக்கும் வயலின் எடுத்தா கபிரிஞ்ஞா ஆடாம விடமாட்டாங்க. ஆனா அது டிக்கட் போட்டுக் காட்டுற ஆட்டமில்ல, "எப்ப ஷோ" எண்டு கேட்டுக்கொண்டு போக வேணாம். கூப்பிட்டாப் போறது, கூப்பிடாட்டி றோட்டில நிண்டு வயலினக் கேட்டிட்டு வாறது.

26.

இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினன். அண்டு காலையில எந்தப் புரோகிராமும் வைக்க வேணாம். போட் சவாரி, வெளிச்சவீடு, பீச், பாட்டுப் போட்ட வான், ஒண்டும் வேணாம். சுனாமி வந்த நாள். 2004இல அது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா, நத்தாருக்கு அடுத்த நாள், மழை விட்டு நல்ல வெளிச்சம், புள்ளையள் எல்லாம் புதுச் சட்டையக் கழட்டாமத் திரிஞ்ச நாள். கல்லடி, டச்பார், நாவலடி. நாவலடி எண்டது கடலுக்கும் ஆத்துக்கும் நடுவில ஒரு மணல் நாக்கு, ஓடுறதுக்கு ஒரு பக்கமும் நிலமில்ல. மிஞ்சினாக்களத் திராய்மடுவில குடியேத்தினாங்க. டச்பாரில பறங்கிக் குடும்பங்களும் கனக்கப் போச்சு. கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில்ல கோபுரம் அண்டைக்குத் தண்ணி வந்ததில அப்பிடியே சரிஞ்சு நிண்டது, கடலுக்கு முன்னால.

ஒவ்வொரு வருசமும் 9.25க்கு நாடு முழுக்க ரெண்டு நிமிசம் நிப்பாங்க. இஞ்ச அந்த ரெண்டு நிமிசத்துக்கு ஆறு மணிக்கே ஆக்கள் வரத் தொடங்கிருவாங்க. போறதெண்டா போங்க, பாக்கிறதுக்கு எண்டு இல்லாம நிக்கிறதுக்கு எண்டு போங்க, ஒரு ஓரமா, போன உள்ளுக்கு வச்சிட்டு. நான் நிக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒரு அம்மா வருசா வருசம் வருவா. குடையக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில இடுக்கிக்கொண்டு, பையில இருந்து ஒரு மாரி பிஸ்கட் பக்கெட்டும் சின்ன நெக்டோ சோடாப் போத்தல் ஒண்டும் எடுத்து வைப்பா, போத்தல் மூடியக் கழட்டித்தான் வைப்பா. மெழுகுதிரி காத்துக்கு அணைய அணையப் பத்த வைப்பா. ஒருநாளும் கதைச்சதில்ல. எங்கட ரூமில தங்குற குடும்பமும் அப்பிடித்தான், லண்டனில இருந்து வாறாங்க, நாலு பேருக்கு விளக்கு.

ஒரு வருசம் வேற ஆக்கள் வந்து கேக்க, நான் தெரியாத்தனமா 26 காலைக்குப் போட் ஒண்டு பேசிக் குடுத்திட்டன். வந்தவங்களும் தெரியாதவங்க, ஸ்பீக்கர் ஒண்டப் போட்டுக்கொண்டு நாவலடிக் கரையால போயிருக்காங்க. கரையில நிண்டாக்கள் ஏசக் கூட இல்லயாம், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களாம், அவ்வளவுதான். போட்காரர் வந்து காச என்ட மேசையில வச்சிட்டு "இனி இப்பிடி எனக்குச் சொல்லாதீங்க அக்கா" எண்டிட்டுப் போனார். அதால நான் எல்லாருக்கும் இத முதல்லயே சொல்றன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஊர் மெல்ல வழமைக்கு வரும். பின்னேரம் விருப்பமெண்டா முகத்துவாரம், பாலமீன்மடு வெளிச்சவீடு, 1913இல கட்டினது. மார்கழியில அங்க பாக்க ஒரு விசயம் இருக்கு, மழையில ஆறு பெருகி வயலுக்குள்ள தண்ணி ஏறினா மணல் திட்ட வெட்டி ஆத்துவாயத் திறந்து விடுவாங்க, வயல்காரருக்கு வெட்டணும், மீன்காரருக்கு வெட்டக் கூடாது, வருசா வருசம் இந்த இழுபறி. திறந்திருந்தா மண்ணிறத் தண்ணி கடலுக்குள்ள போய் ஒரு கோடு மாதிரிப் பிரிஞ்சு நிக்கிறது தெரியும். விளிம்புக்குப் போக வேணாம், மணல் இடியும். இதுக்கு இல்லாட்டி கல்லடி உப்போடையில சிவானந்தா வித்தியாலயத்தில தமிழறிஞர் விபுலானந்த அடிகளார்ட சமாதி, காரைதீவில பொறந்து 1947இல மறைஞ்சவர், அம்மா கட்டாயம் கேப்பா, தமிழ் படிச்ச ஆள் எண்டீங்களே.

27 பகல் மிஞ்சினா மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு ஒரு ஓட்டம், 2014இல பாலம் வாற மட்டும் பாதையில, அதாவது மிதவைப் பாதையில ஏறித்தான் கடக்கணும், இப்ப சுகம். கல் நந்தி புல்லுத் திண்ட கதைய அங்க ஐயர் சொல்லுவார். போற வழி முழுக்க வயல். அவ்வளவுதான் அண்டைக்கு.

பாய்க் கதைக்கு வருவம். வந்தாக்கள மருந்து வச்சுப் பாயோட ஒட்டிப் போடுவம் எண்டு உங்கட பக்கத்தில பழைய கதை, இஞ்ச வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்மார் இஞ்சயே கலியாணம் முடிச்சுத் திரும்பிப் போகாததால வந்தது எண்டு நாங்க சொல்லுவம். அம்மாவிட்டச் சொல்லுங்க, இப்ப எல்லார் வீட்டிலயும் கட்டில்தான்.

திரும்பிப் போகக்குள்ள தயிர் வாங்குவீங்க, வாங்காமப் போக விடமாட்டாங்க, எருமைத் தயிர், மண்சட்டியில. சட்டி வாய இறுக்கிக் கட்டின கடையில வாங்குங்க, கட்டுக்கு மேல இன்னொரு பேப்பரும் கயிறும் போடச் சொல்லுங்க. ரெயின்ல மேல் தட்டில வைக்க வேணாம். போன மார்கழி எங்கட ஆள் ஒருத்தர் வச்சு, வண்டி வாழைச்சேனையில பிரேக் போட முன் சீட்டில இருந்த மனுசன்ட தலையில முழுசாக் கவிழ்ந்திட்டு. அந்தாள் பாதி ஏசி, பாதி துடைச்சு, விரலில பட்டத நக்கிப் பாத்திட்டு "எந்தக் கடை?" எண்டு கேட்டாராம்.